நெல்லுக்கு சூடோமோனாஸ்: விதை ஊறும் ராத்திரியிலேயே தொடங்குங்கள்

இலையில் கண் வடிவப் புள்ளி வைத்து, குலை நோய் கண்ணுக்குத் தெரிந்த பிறகு சூடோமோனாஸ் வாங்க ஓடுகிறவர்கள்தான் அதிகம். வந்த நோயை ஆற்றும் மருந்தில்லை அது. நோயை உண்டாக்கும் பூசணத்துக்கு முன்பே வேரில் இடம் பிடித்துக்கொள்ளும் பாக்டீரியா. பூசணத்துக்கு வேண்டிய இரும்புச்சத்தைத் தான் இழுத்துக்கொள்ளும். பயிரின் எதிர்ப்புச் சக்தியையும் தூண்டிவிடும்.

கடையில் கிடைப்பது டால்க் மாவில் கலந்த தூள். தயாரிப்புத் தேதியை முதலில் பாருங்கள், உள்ளே இருப்பது உயிர். ஒருமுறை பொட்டலத்தை மோட்டார் கொட்டகைத் தகரத்துக்கு அடியில் நாலு நாள் போட்டுவைத்தேன். அப்புறம் தெளித்தது வெறும் மாவுதான் போலிருக்கிறது, ஒரு பலனும் இல்லை. நிழலில் வையுங்கள்.

இனி அளவுகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு இது.

கிலோ விதைக்கு 10 கிராம் தூள், ஒரு லிட்டர் தண்ணீர். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் வடித்த தண்ணீரை வீணாக்காமல் நாற்றங்காலில் ஊற்றிவிடுங்கள். விதையை ஈரச் சாக்கில் கட்டி 24 மணி நேரம் நிழலில் வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். விதைத்துவிடலாம்.

நடவன்று வயல் ஓரத்தில் 10 சதுர மீட்டருக்குச் சின்ன வரப்புக் கட்டி, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். ஏக்கருக்கு ஒரு கிலோ தூளை அதில் கரைத்து, நாற்று முடிகளை, அதாவது நாற்றுக் கட்டுகளை, வேர் முங்க அடுக்குங்கள். அரை மணி நேரமாவது இருக்க வேண்டும். நடவுக்கு வந்த அக்காமார் வரப்பில் நின்றபடி, "போதும் தம்பி, எடுத்துக் குடு, வெயில் ஏறுது" என்பார்கள். அசைந்து கொடுக்காதீர்கள்.

நட்ட 30ஆம் நாள் ஒரு கிலோ தூளை 20 கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து வயலில் தூவுங்கள்.

45ஆம் நாள் தெளிப்பு. 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம். துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் டால்க் நாசிலை அடைத்துக்கொள்ளும். தாமிர மருந்தையோ ஸ்ட்ரெப்டோமைசினையோ அதே டேங்கில் கலந்தால் பாக்டீரியா செத்துப்போகும். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். நோய் இல்லையென்றால் ஒரு தெளிப்பே போதும். தலைகாட்டினால் பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. இலையுறை கருகல் என்ற இன்னொரு பூசண நோய் தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில்தான் தொடங்கும். அதனால் மேலாக வீசாமல் தூரில் படும்படி அடியுங்கள்.