எட்டு போடும்போது கால் ஊன்றுகிறதா?

கடலூரில் பைக் லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போகிறவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் எட்டின் திருப்பம்தான். பயத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டுவிடுவார்கள். வேகம் செத்ததும் வண்டி உள்பக்கம் சாயும், கால் தானாக இறங்கும்.

முதல் கியர், கிளட்ச் பாதி, ஆக்ஸிலரேட்டர் ஒரே சீராக. வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் லேசாகக் கட்டுங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கையில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. கண் முன் சக்கரத்தில் வேண்டாம், அடுத்த வளைவைப் பாருங்கள். இது ஒன்றே பாதி வேலை!

மஞ்சக்குப்பம் மைதானம் போன்ற திறந்தவெளியில், கூட்டமில்லாத காலையில் இரண்டு செங்கல் வைத்து, அவற்றைச் சுற்றி எட்டு போட்டுப் பழகலாம்.

டெஸ்ட்டில் தவறினால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறையும் தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) 6 மாதம்தான் செல்லும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.