மூன்று மகாவீரர்களைக் கண்ட கதை: இலாஞ்சனத்தால் தீர்த்தங்கரரை அறிவது எப்படி?

சமணச் சிலைகளில் முக்குடையின் (மூன்றடுக்குக் குடை) கீழ் ஆடையின்றி அமர்ந்திருப்பவர் தீர்த்தங்கரர், அதாவது சமணர் வணங்கும் பெருமக்களில் ஒருவர் என்பது வரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருபத்துநால்வரில் எவர் என்பதில்தான் சிக்கல். முகத்தைப் பார்த்துப் பயனில்லை. எல்லாம் ஒரே சாயல். கைகொடுப்பது இலாஞ்சனம், அதாவது ஒவ்வொருவருக்கும் உரிய அடையாளச் சின்னம்.

1. முதலில் தலையும் தோளும். தலைக்கு மேல் ஏழு தலை நாகம் குடை பிடித்தால் பார்சுவநாதர். ஐந்து தலை என்றால் சுபார்சுவநாதராக இருக்கலாம். உடைந்த நாகத் தலைகளையும் சேர்த்து எண்ணுங்கள். தோளில் சடை புரண்டால் ஆதிநாதர். கால்களில் செடிகொடி சுற்றி நிற்பவர் பாகுபலி. அவர் தீர்த்தங்கரர் அல்லர், அவருக்கு இலாஞ்சனம் தேட வேண்டாம்.

2. அடுத்து பீடம். நான் சறுக்கிய இடம் இது. ஓர் அருங்காட்சியகத்தில் பீடத்தில் இரு சிங்கங்களைக் கண்டதும் ‘மகாவீரர்’ என்று குறித்துக்கொண்டேன். பக்கத்துச் சிலையிலும் சிங்கங்கள், அதற்கடுத்ததிலும். ஒரே வரிசையில் மூன்று மகாவீரர்கள்! பிறகுதான் உறைத்தது: ஓரத்தில் இருப்பவை சிம்மாசனத்தைத் தாங்கும் சிங்கங்கள், எந்தத் தீர்த்தங்கரருக்கும் அவை வரும். இலாஞ்சனம் பெரும்பாலும் பீடத்தின் நடுவில், கட்டைவிரல் அளவில் இருக்கும். திரும்பிப் போய்க் குனிந்து பார்த்தேன். முதல் சிலையில் தேய்ந்த திமில் ஒன்று தட்டுப்பட்டது. காளை! ஆதிநாதர்! தோளில் சடையும் இருந்திருக்கிறது. நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கைபேசி பிளாஷை நம்பாதீர்கள், புடைப்பைத் தட்டையாக்கிவிடும். சிறு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும். சுண்ணாம்போ தண்ணீரோ தடவிப் பார்ப்பது பெரும் பாவம்.

3. மனப்பாடத்துக்கு ஆறு போதும்: காளை ஆதிநாதர், பிறை சந்திரப்பிரபர், மான் சாந்திநாதர், ஆமை முனிசுவிரதர், சங்கு நேமிநாதர், நடுவில் சிங்கம் மகாவீரர். வாசுபூஜ்யரின் எருமையும் விமலநாதரின் பன்றியும் தேய்ந்தால் ஒன்றுபோல் தோன்றும், கொம்பைத் தேடுங்கள்.

4. இலாஞ்சனமே இல்லையா? மதுராவின் குஷாணர் காலச் சிலைகளில் அந்த வழக்கமே கிடையாது. பிற்காலத்தவற்றில் அருகிலிருக்கும் இயக்கி (தீர்த்தங்கரரின் காவல் பெண் தெய்வம்) கைகொடுப்பாள். மாங்கொத்தும் குழந்தையும் இருந்தால் அம்பிகை, அவளுக்குரியவர் நேமிநாதர். அவள் வாகனமும் சிங்கம்தான், மறுபடி ஏமாறாதீர்கள்.

பிற்சேர்க்கை: 18ஆம் தீர்த்தங்கரர் அரநாதருக்கு இலாஞ்சனப் பட்டியலில் மீன், தாம் பார்த்த சிலையில் நந்தியாவர்த்தம் (சுவஸ்திகம் போன்ற கோட்டுருவம்) என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டும் சரி. சமணத்தின் இரு பிரிவுகளில் திகம்பரர் மீன் என்பர், சுவேதாம்பரர் நந்தியாவர்த்தம் என்பர். 10ஆமவரான சீதளநாதருக்கும் இப்படியே: திகம்பரர் கற்பக மரம் என்பர், சுவேதாம்பரர் ஸ்ரீவத்சம் என்னும் மங்கலக் குறி என்பர். கையில் எடுத்துப்போகும் பட்டியல் எந்த மரபினுடையது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.