உயரம் குறைந்தவர்கள் ரோடு பைக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தடியை ஒட்டிய உயரமுள்ளவர்கள் ரோடு பைக் (தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும், மெல்லிய டயர் கொண்ட சைக்கிள்) வாங்கப் போனால், சீட்டை இறக்கிக் கால் பெடலை எட்டுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். சீட்டின் உயரத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஹேண்டில்பார் எவ்வளவு தொலைவில் இருக்கும் என்பதோ பெரும்பாலும் ஃபிரேமிலேயே முடிவாகிவிடுகிறது.

காவிரி டெல்டாவில் இந்தக் குறை கூடுதலாகவே வருத்தும். தஞ்சாவூரிலிருந்து கல்லணைக்குப் போகும் வழியெல்லாம் சமதரை என்பதால், மேட்டில் எழுந்து மிதிக்கவும் சரிவில் உடலைத் தளர்த்தவும் வாய்ப்பின்றி, நீண்ட நேரம் ஒரே நிலையில் அமர்ந்திருக்க நேர்கிறது. எட்டாத ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பவரின் முழங்கை மடங்காமல் விறைத்து நிற்கும். உடலின் பாரம் உள்ளங்கையில் இறங்கி, மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும்.

ஆகவே 'ஸ்மால்' என்ற பெயரை நம்பாமல், அளவு அட்டவணையில் 'ரீச்' என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். பெடல்கள் சுழலும் மைய அச்சிலிருந்து ஃபிரேமின் முன்குழாய் உச்சிவரை உள்ள கிடைமட்டத் தூரம் அது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே ஓடும் மேல்குழாயின் நீளம் மட்டும் போதாது. சிறிய ஃபிரேம்களில் சீட்டைத் தாங்கும் குழாயைச் சற்று நிமிர்த்தி வைத்தாலே அந்த நீளம் குறைந்துவிடும், ரீச் குறையாது.

தொலைவைக் குறைக்கச் சீட்டை முன்னே தள்ளுவதும் தவறே. சீட்டின் இடம் பெடலைப் பொறுத்து அமைய வேண்டியது. அதை மாற்றினால் முழங்காலுக்குத்தான் கேடு. அதைவிட, ஹேண்டில்பாரைத் தாங்கும் 'ஸ்டெம்' என்ற துண்டை மாற்றி, 100 மில்லிமீட்டருக்குப் பதில் 80 போடலாம். அதற்கும் அடங்காவிட்டால் ஃபிரேமே பெரிது என்று பொருள்.

கிராங்க், அதாவது பெடலைத் தாங்கிச் சுழலும் கை, எவ்வளவு நீளம் என்று பெரும்பாலோர் கேட்பதே இல்லை. 170 மில்லிமீட்டர் கிராங்க், குட்டையான கால்களுக்கு முழங்காலை அளவுக்கு மீறி உயர்த்தும். 165 அல்லது 160 கேட்டுப் பார்க்கலாம். ஹேண்டில்பாரின் அகலம் தோளுக்கு ஒத்திருக்க வேண்டும். பிரேக் லீவர் விரலுக்கு எட்டாவிட்டால், பல லீவர்களில் அதை அருகே கொண்டுவரத் திருகு உண்டு. பெண்களுக்கென்று விற்கும் மாடல்தான் வேண்டும் என்பதில்லை.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஓட்டும்போது அணியும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு, ஒரு பெடலை நேர் முன்னே நிறுத்தி, ஹேண்டில்பாரை அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். சிறிய ஃபிரேமில் 700 அளவுச் சக்கரம் இருந்தால் கால் நுனி முன்சக்கரத்தில் உரசக்கூடும். வேகமாகப் போகையில் ஹேண்டில்பாரை அவ்வளவு திருப்ப மாட்டோம். கும்பகோணத்துத் தெருமுனையில் மெதுவாக வளைக்கும்போதுதான் கால் சிக்கி விழ நேரும். அதைவிடச் சிறிய 650 அளவுச் சக்கரம் கொண்ட சைக்கிளில் இந்த உரசல் குறைவு. அந்த அளவு எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதால், அதை வாங்குபவர்கள் உதிரி டயரும் டியூபும் அன்றே சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.