தடுமாறும் பிஜி மருத்துவருக்கு வழிகாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுநிலைப் பயிற்சியில் (பிஜி) இருக்கும் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு புதிதாகக் கைக்கு வரும்போது பலரும் ஒரே மாதிரிதான் சறுக்குகிறார்கள். நாங்கள் அந்தப் பொறுப்புக்கு வந்த புதிதில் சறுக்கிய அதே இடங்கள்தான். கத்தக் கூடாது, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டே செய்யும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

காரணம் தெரியும் முன்பே பெயர் வைப்பது

"ஸ்லோ", "அக்கறை இல்லை", "ஆட்டிட்யூட் சரியில்லை". போஸ்டிங் தொடங்கிய முதல் வாரத்திலேயே இதில் ஏதாவது ஒன்று ஆளோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அவர் என்ன செய்தாலும் அந்தப் பெயருக்குச் சாட்சியாகத்தான் தெரியும். காய்ச்சல் என்று வந்தவருக்குக் காரணம் பார்க்காமல் பாராசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்ப மாட்டோம். வேலைக்குத் தாமதமாக வருவதும், டிஸ்சார்ஜ் சம்மரி தேங்குவதும் அதுபோல அறிகுறிகள்தான்.

நான் கேட்கும் வரிசை இது: உடம்பு, தூக்கம், மனம், வீடு, யூனிட், கடைசியாகத்தான் படிப்பு. ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, கடன், சீனியர் ஒருவரின் தொல்லை என்று எதுவும் இருக்கலாம். தூக்கத்தை மட்டும் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரவு டூட்டி முடிந்து காலை ரவுண்ட்ஸில் கேஸ் சொல்லத் திணறுகிறவரைப் படிக்காதவர் என்று முடிவு கட்டும் முன், கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்று கேளுங்கள்.

ஒரு யூனிட்டில் வருடா வருடம் யாராவது ஒருவர் தடுமாறுகிறார் என்றால், ஆளை விட்டுவிட்டு யூனிட்டைப் பாருங்கள்.

"திருப்திகரம்" என்று எழுதிவிடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

எப்படி நடக்கிறது என்றால், ஒவ்வொரு போஸ்டிங்கும் சில மாதங்கள்தான். பிரச்சினை என்னவென்று பிடிபடுவதற்குள் அவர் அடுத்த யூனிட்டுக்குக் கிளம்பிவிடுவார். மதிப்பீட்டுத் தாளில் உள்ளதை உள்ளபடி எழுதினால் ஆளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், ஆதாரம் காட்ட வேண்டும், ஒருவேளை புகாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பாவம், நல்ல பையன், எதிர்காலத்தைக் கெடுப்பானேன் என்று "திருப்திகரம்" எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஆனால் "அவரை நைட் டூட்டியில் தனியா விடாதீங்க" என்று அடுத்த யூனிட்டுக்கு வாய்வழியாகச் செய்தி மட்டும் போய்விடும். துறையில் எல்லோருக்கும் தெரியும், சம்பந்தப்பட்டவரைத் தவிர.

பொது மருத்துவத்தில் இரண்டாம் ஆண்டில் இருந்த ஒருவர் எங்கள் யூனிட்டுக்கு வந்தார். ஆள் வரும் முன்பே "ரொம்ப ஸ்லோ" என்ற பேச்சு வந்துவிட்டது. பழைய தாள்களைப் புரட்டினால் எல்லாவற்றிலும் திருப்திகரம். ஒரு மாலை, வார்டில் அவர் வேலை செய்வதைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். புதிதாக வந்த நோயாளியிடம் விவரம் கேட்டது, பரிசோதித்தது, எழுதியது எல்லாம் சுத்தமாக இருந்தது. அப்புறம், நரம்பு வழியாக இன்சுலின் இன்ஃப்யூஷன் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு கட்டிலுக்குப் போனார். பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்த்து கேஸ் ஷீட்டில் குறித்தார். கை கழுவிவிட்டுத் திரும்பி வந்து அதே எண்ணைப் பார்த்தார். லேபுக்குப் போன் போட்டு அதை வாயால் சொல்லச் சொன்னார். மறுபடியும் கேஸ் ஷீட். எண் 4.1. சந்தேகப்பட அதில் ஒன்றுமே இல்லை.

அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். முதலாண்டில், வேறு யூனிட்டில், நீரிழிவு கீட்டோஅசிடோசிஸில், அதாவது இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் ஏறும் நிலையில், ஒரு நோயாளி அட்மிட் ஆகியிருக்கிறார். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளும், ரத்தத்தில் அதன் அளவு இறங்கும் என்பது இவருக்குத் தெரியாததல்ல. அன்று இரவு அடுத்தடுத்து வந்த அட்மிஷன்களுக்கு நடுவே ரிப்போர்ட் வந்து கிடந்ததை இவர் பார்க்கவில்லை. நோயாளிக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி ஐசியூவுக்கு மாற்றினார்கள், பிழைத்துவிட்டார். மறுநாள் ரவுண்ட்ஸில் இவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியதோடு சரி. எங்கே பிசகியது, அந்த இரவில் ஒரே ஆளால் அத்தனையும் பார்க்க முடிந்திருக்குமா, இனி எப்படிச் செய்யலாம் என்று ஒருவரும் உட்கார்ந்து பேசவில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கம் அன்றைக்குத் தொடங்கியது.

"ரிப்போர்ட்டை நாலு தடவை சரிபார்க்கிறார், அதனால் மற்ற வேலை தேங்குகிறது" என்று யாராவது ஒருவர் ஒரே ஒரு தாளில் எழுதியிருந்தால் போதும். அவருக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அதனால், "ஸ்லோ" என்று எழுதாதீர்கள். "திருப்திகரம்" என்றும் எழுதாதீர்கள். கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்: என்றைக்கு, எந்த மாதிரி கேஸ், என்ன செய்தார், எதை விட்டார். அந்த வாரமே அவரிடம் சொல்லுங்கள். அவர் தரும் விளக்கத்தையும் அதே தாளில் சேருங்கள். அடுத்த யூனிட்டுக்குத் தெரிவிப்பதென்றால் அவருக்குத் தெரிந்தே தெரிவியுங்கள். இதற்கெல்லாம் முதலில் நேரில் பார்த்திருக்க வேண்டும். பிஜி நோயாளியோடு இருக்கும்போது கால் மணி நேரம் கூட இருந்து பார்த்துவிட்டு, அங்கேயே சில நிமிடம் பேசும் முறையை அமெரிக்க உள்மருத்துவ வாரியம் 1990-களில் கொண்டுவந்தது. இன்று பல நாடுகளில் அது பழக்கத்தில் இருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு பக்கத் தாளும் கால் மணி நேரமும்தான்.

இன்னொன்று. எல்லாத் தாளிலும் திருப்திகரம் வாங்கியவரைக் கடைசி வருடத்தில் தகுதியில்லை என்று நிறுத்தினால் அவர் எதிர்த்துக் கேட்பார். கேட்பதில் நியாயமும் இருக்கும்.

அவருக்கு நாமே வைத்தியம் பார்ப்பது

வேண்டாம். மதிப்பீடு செய்பவரும் மருந்து எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

"இன்னும் நல்லா படி" என்பது

அறிவுக் குறை என்றால் மட்டுமே இந்த அறிவுரை பலிக்கும். மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் திறனை நான்கு படிகளாகப் பிரித்தார்: தெரிந்திருப்பது, எப்படிச் செய்வதென்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, அன்றாட வேலையில் செய்வது. செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) பற்றி அரை மணி நேரம் பேசத் தெரிந்தவர், இரவில் ரத்த அழுத்தம் இறங்கும் நோயாளி முன்னால் உறைந்து நிற்கலாம். அவரிடம் புத்தகத்தை நீட்டிப் பயனில்லை. பக்கத்தில் ஓர் ஆள் நின்று, முதலில் எது, அடுத்தது எது, எந்த நிலையில் சீனியரைக் கூப்பிட வேண்டும் என்று செய்ய வைத்துப் பழக்க வேண்டும்.

இரக்கப்பட்டு வேலையைப் பிடுங்குவது

நோயிலிருந்து திரும்பியவருக்குச் சில வாரம் இரவு டூட்டியைக் குறைப்பது சரி. சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய்) போடத் தடுமாறுகிறார் என்று அதை ஜூனியரிடம் கொடுத்துக்கொண்டே இருந்தால், தடுமாற்றம் எப்படித்தான் போகும்? அவரை நம்பவில்லை என்று பார்ப்பவர்களும் புரிந்துகொள்வார்கள், அவரும் புரிந்துகொள்வார்.

"தைரியமா இருங்க" என்று பேச்சை முடிப்பது

முகம் வாடி, ஆட்களைத் தவிர்த்து, எதிலும் அர்த்தமில்லை என்கிற மாதிரிப் பேசுகிறவரிடம் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். நோயாளிகளிடம் கேட்கிறோம், சக மருத்துவரிடம் கேட்க மட்டும் நாக்கு எழாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பேச்சைத் தொடங்கும்போதே, நீங்கள் சொல்வது எனக்குள் இருக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் மற்றவரிடம் சொல்வேன் என்று சொல்லிவிடுங்கள். பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

தேதி போடாத திட்டம்

"கொஞ்ச நாள் பார்ப்போம்" என்பது திட்டமில்லை. எதை மாற்ற வேண்டும், யார் கூட இருப்பார், எந்தத் தேதியில் மறுபடி உட்காருவோம் என்று எழுதுங்கள். அன்றும் மாற்றமில்லை என்றால் பயிற்சிக் காலத்தை நீட்டிப்பதா, யூனிட் மாற்றுவதா, துறையே மாற்றுவதா என்பதையும் முதல் நாளே அவரிடம் பேசிவிடுங்கள். நடுவில் உங்களுக்கு விடுப்போ மாற்றலோ வந்தால் அந்தத் தாளை யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.