கீழடியைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்

கீழடி அகழாய்வு அருங்காட்சியகம் மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தானே, எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று தோன்றும். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து இறங்கியபின் உங்கள் நேரம் சொந்தக்காரர்கள் கையில்.

பெரியப்பா மகன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, சித்தப்பா பங்கு புஞ்சைக்கு ஒரு விடுதலைப் பத்திரம். கையெழுத்துத்தான், அரை மணி நேரம்." சித்தப்பா என்றது என் அப்பாவை; அவர் பங்கை நான் விட்டுக்கொடுப்பதாக எழுதுவதுதான் விடுதலைப் பத்திரம். அந்த அரை மணி நேரம் வாரிசுச் சான்றிதழில் ஆரம்பித்தது. இ-சேவை மையத்தில் மனு, அப்புறம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார். ஆள் இருந்தால் சர்வர் இல்லை, சர்வர் வந்தால் ஆள் சாப்பிடப் போயிருப்பார். ஒருவழியாகப் பதிவுக்குப் போனால், என் ஓசிஐ அட்டையை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆதார் இல்லையா? அப்ப நீங்க இந்த ஊர்தான்னு எப்படி நம்புறது?" என்கிறார்கள். அப்பா பிறந்த வீடு அங்கிருந்து நாலு தெரு. அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு, "இத்தனை வருஷமா தீர்வை கட்டுனது நாங்கதானே" என்றார். அது உண்மை. அப்பாவின் கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததும் அவர்தான். கோபப்பட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

சொத்து வேலை இருந்தால் வாரிசுச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வேலைக்கு மட்டும் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி, நீங்கள் இருக்கும் நாட்டிலேயே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பொது அதிகாரம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், யார் அழுதாலும்.

இனி அருங்காட்சியகம். 2023 மார்ச்சில் திறந்தது. செட்டிநாட்டுப் பாணியில் தூணும் முற்றமுமாகத் தனித்தனிக் கட்டடங்கள். வெயிலில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடக்கவே நேரம் பிடிக்கும். மூடும் நேரத்துக்குச் சற்று முன்புதான் என்னால் போய்ச் சேர முடிந்தது. உறைகிணறு, நூல் நூற்ற தக்களி, தந்தப் பகடை எல்லாவற்றையும் ஓட்டத்தில் பார்த்தேன். நின்றது பானை ஓடுகளின் முன்னால்தான். 'ஆதன்', 'குவிரன்' என்று பழைய தமிழ் எழுத்தான தமிழியில் கீறியிருக்கிறார்கள். தன் பானை என்று சொல்ல அந்த ஆளுக்குப் பெயர் போதுமாக இருந்திருக்கிறது. அன்று காலை பதிவு அலுவலகத்தில் எனக்கு என் பெயர் போதவில்லை.

அருங்காட்சியக நுழைவுக் கட்டணத்தில் ஓசிஐக்காரர்களும் இந்தியர்களும் ஒன்றே என்று மத்திய அரசு 2021-இல் அறிவித்திருக்கிறது. கவுன்டரில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். அகழாய்வுக் குழிகள் இந்தக் கட்டடங்களுக்குள் இல்லை, வெளியே தென்னந்தோப்புப் பக்கம். அதற்குத் தனியாக நேரம் வையுங்கள். முடிந்தால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள், போனை அணைத்துவிட்டு.