கடலோர வீட்டில் பழைய தையல் மெஷின்: உப்பை எடுத்த பிறகே எண்ணெய்

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று கடலோர வீடுகளில் மூலையில் கிடக்கும் பழைய உஷா, மெரிட், சிங்கர் மெஷின்களில் பல, தேய்ந்து கெட்டவை அல்ல. உப்புக் காற்றில் துருப்பிடித்து, பழைய எண்ணெய் பசையாக இறுகி நின்றுபோனவை. பழைய இரும்புக்குப் போடும் முன் இரண்டு நாள் ஒதுக்கிப் பாருங்கள்.

சக்கரம் இறுகியிருந்தால் முரட்டுத்தனமாகச் சுற்றாதீர்கள். ஊசி, பாபின் கேஸ் (அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு), ஷட்டில் (அடியில் சுழன்று மேல்நூலைப் பிடிக்கும் கொக்கி) மூன்றையும் முதலில் கழற்றுங்கள். ஷட்டில் சுழலும் பள்ளத்தில் சிக்கிய ஒரு துண்டு நூலே மெஷினை நிறுத்தியிருக்கலாம். அடுத்து ஊசித் தட்டையும் இடது பக்க மூடியையும் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு இடையில் அடைந்த பஞ்சைக் குச்சியால் நோண்டி எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் பிடித்து வைத்தால் மாட்டும்போது குழப்பம் வராது.

இனி உப்பு. மண்ணெண்ணெய் பசையைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. உப்பு ஒட்டியிருக்க மேலே எண்ணெய் விட்டால், அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து அடியில் துருவை வளர்த்துக்கொண்டே இருக்கும். துடைத்துக் கொடுத்த மெஷின் அடுத்த வாடைக்காற்றில் மறுபடி சிவப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, பூச்சு இல்லாத இரும்புப் பாகங்களை இரண்டு முறை துடையுங்கள். போர் தண்ணீர் ஆகாது, நம் பக்கம் பல ஊரில் அதிலேயே உப்பு இருக்கிறது. காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ போதும். துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்றி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். ஈரத்தோடு விட்டால் செய்ததெல்லாம் வீண்.

உலர்ந்ததும் எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும், உரசும் மூட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். அடுப்பு அருகில் வேண்டாம். மோட்டார் இருந்தால் கழற்றிவிடுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசலும் வேலை செய்யும், வாடைதான் போக நாளாகும். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் இளகும். இளகாவிட்டால் மறுபடி ஊறவிடுங்கள். இளகியதும் வழியும் அழுக்கைத் துடைத்து, துளைக்கு இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். மண்ணெண்ணெயோடு மட்டும் ஓட்டினால் இரும்போடு இரும்பு தேயும். நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய் எதுவும் கூடாது. அதுதான் பின்னால் பசையாகும்.

வெளித்துருவை 800 நம்பர் எமரி தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்க்கலாம். ஷட்டிலின் மூக்கிலும் (கூர்முனை) ஊசியைப் பிடித்து ஏறி இறங்கும் ஊசிக் கம்பியிலும் எமரி வைக்காதீர்கள். மெஷின் உடம்பில் உள்ள தங்கப் பூ வேலையில் தின்னர், ஸ்பிரிட் படக்கூடாது, அழிந்துவிடும். அங்கே மெஷின் ஆயில் தொட்ட மெல்லிய துணி மட்டும்.

புது ஊசி போடுங்கள்: பிளவுஸ் துணிக்கு 14, ஜீன்ஸுக்கு 18. ஊசியின் தட்டைப் பக்கம் ஷட்டில் மூக்கு உரசிப் போகும் பக்கம் இருக்க வேண்டும். நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்து நூல் நுழைய வேண்டும். இது மாறினால் தையலே விழாது.

தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி வளைந்திருக்கிறதா, மேலே முட்டும்வரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஊசி அடிமட்டம் தொட்டுச் சுமார் 2 மி.மீ. ஏறும்போது ஷட்டில் மூக்கு ஊசிக்கண்ணுக்குச் சற்று மேலே வந்து சேர வேண்டும். சேராவிட்டால் ஊசிக் கம்பி இறங்கியோ ஏறியோ இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும்.

துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் எல்லோரும் பாபினைத்தான் திருகுவார்கள். கோளாறு பெரும்பாலும் மேலே: மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காரவில்லை, அல்லது தட்டில் துரு. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவைத்து, தட்டுகளுக்கு இடையே ஸ்பிரிட் தொட்ட துணியை இழுத்துத் துடைத்து, மறுபடி நூல் கோத்துவிடுங்கள். பாபின் கேஸைச் சோதிக்க, நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு ஒரு சுண்டு சுண்டுங்கள். சிறிதளவு இறங்கி நின்றால் சரி.

நூல் அடிக்கடி அறுந்தால் ஊசித் தட்டின் ஓட்டையை விரலால் தடவுங்கள். ஊசி மோதிய இடத்தில் பிசிறு இருக்கும். சக்கரம் சுற்றியும் ஊசி அசையாவிட்டால் சக்கரத்தின் நடுத்திருகு தளர்ந்திருக்கிறது. இறுக்கியும் பிடிக்காவிட்டால் உள்ளே இருக்கும் வாஷரைக் கழற்றி அரைச் சுற்று திருப்பிப் போடுங்கள்.

மழைக்காலத்தில் தோல் பெல்ட் நீண்டு வழுக்கும். அரை அங்குலம் வெட்டி, புது ஓட்டை போட்டுக் கொக்கியை மாட்டுங்கள். பெல்ட்டில் எண்ணெய் படக்கூடாது. தார்ப்பாய் தைக்க வீட்டு மெஷினைக் கொடுக்காதீர்கள், அதற்கு வேறு மெஷின் உண்டு.

தைக்காத நாட்களிலும் வாரம் ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பத்துச் சுற்று சுற்றுங்கள். மூடப் பருத்தித் துணி போதும். பிளாஸ்டிக் உறை உள்ளே வியர்த்து ஊசிக் கம்பியில்தான் முதலில் துரு பிடிக்கும்.