பாலூட்டும்போது மருந்து: பயத்தில் செய்யும் தவறுகளும் அறியாமல் செய்யும் தவறுகளும்

மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்துப் பார்த்தால், பல மருந்துகளில் ஒரே மாதிரி வரிதான் இருக்கும்: "பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்கவும்." இதைப் படித்த அம்மா ஒன்று, காய்ச்சலையும் வலியையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறார், இல்லையென்றால் மருந்தைப் போட்டுக்கொண்டு பாலை நிறுத்திவிடுகிறார். பெரும்பாலான மருந்துகளுக்கு இரண்டுமே தேவையில்லை. புது மருந்துகளைப் பாலூட்டும் பெண்களிடம் சோதித்துப் பார்ப்பது அரிது. தகவல் கையில் இல்லாதபோது "வேண்டாம்" என்று எழுதிவிடுவது தயாரிப்பவருக்குப் பாதுகாப்பு. அந்த வரி இருப்பதாலேயே ஆபத்து உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆனால் உண்மையான ஆபத்துகளும் உண்டு. அவை பெரும்பாலும் நாம் பயப்படாத இடத்தில் இருக்கின்றன: சளி மாத்திரை, இருமல் சிரப், புண்ணுக்குப் போடும் மருந்து.

குழந்தைக்கு எவ்வளவு போகிறது?

அம்மா விழுங்கும் மருந்து முதலில் அவர் ரத்தத்தில் கலந்து, அங்கிருந்துதான் பாலுக்குப் போகிறது. இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் போன்ற பெரிய மூலக்கூறுகள் அதிகம் போவதில்லை. போனாலும் குழந்தையின் வயிற்றில் செரித்து அழிந்துவிடும். வலி மாத்திரையான இபுப்ரூஃபென், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்றவை ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள அம்மா நாளுக்கு 600 மி.கி. மருந்து எடுக்கிறார், கிலோவுக்கு 10 மி.கி. அவர் பாலில் லிட்டருக்கு 1 மி.கி. மருந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நாளுக்குக் கிலோவுக்கு சுமார் 150 மி.லி. குடிக்கும். அதில் போவது கிலோவுக்கு 0.15 மி.கி., அதாவது அம்மாவின் அளவில் 1.5 சதவீதம். மாதம் நிறைந்து பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு இந்த எண் 10-க்குக் கீழே இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். புற்றுநோய் மருந்து போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவை துளியளவும் ஆகாது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் நடத்தும் லாக்ட்மெட் என்ற இலவசத் தரவுத்தளத்தில் பல மருந்துகளுக்கு இப்படி அளந்த விவரங்கள் இருக்கின்றன. டப்பாத் தாளைவிட அது பல மடங்கு பயனுள்ளது. உங்கள் மருத்துவரிடம் அதைப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

கர்ப்பகால விதியைப் பாலூட்டலுக்குப் பொருத்துவது

"கர்ப்பத்தில் கூடாது என்றார்கள், அப்படியானால் இப்போதும் கூடாது" என்று நினைப்பது எளிதாக நடக்கும் தவறு. நஞ்சுக்கொடி வேறு, மார்பு வேறு. வார்ஃபரின் கர்ப்பத்தில் கருவைப் பாதிக்கும். பாலிலோ அது கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைவு, பாலூட்டும்போது எடுக்கலாம். இபுப்ரூஃபெனும் அப்படித்தான்: கர்ப்பத்தின் பின்பாதியில் தவிர்க்க வேண்டிய மருந்து, பாலூட்டும்போது முதலில் தேர்ந்தெடுக்கும் வலி மாத்திரைகளில் ஒன்று.

பாலைக் கறந்து கொட்டுவது

மாத்திரை போட்ட பிறகு ஒருமுறை பம்ப் வைத்துப் பாலை எடுத்துக் கொட்டிவிட்டால் மருந்தும் வெளியேறிவிடும் என்று நம்புகிறார்கள். மார்பு தொட்டி இல்லை. ரத்தத்தில் மருந்து ஏறினால் பாலிலும் ஏறும். ரத்தத்தில் இறங்கினால் பாலில் இருப்பது திரும்ப ரத்தத்துக்கே போகும். ரத்தத்தில் மருந்து இருக்கும்வரை புதிதாகச் சுரக்கும் பாலிலும் அது இருக்கும். எனவே கறப்பதால் மருந்து சீக்கிரம் வெளியேறாது. மார்பு கட்டாமலும் சுரப்பு குறையாமலும் பார்த்துக்கொள்ள மட்டுமே அது உதவும்.

நேரம்தான் கணக்கு. உடலில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலத்தை ஐந்தால் பெருக்கினால், கிட்டத்தட்ட 97 சதவீதம் போயிருக்கும். இபுப்ரூஃபெனுக்குப் பாதியாக சுமார் 2 மணி நேரம். ஆக 10 மணி நேரம். பதற்றத்துக்குத் தரும் டயஸெபாம் உடலில் மாறி உண்டாகும் பொருளோ நாள்கணக்கில் தங்கும்.

பல சாதாரண மாத்திரைகள் போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். அதனால் குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்த கையோடு மாத்திரை போடுவது நல்லது. நாளுக்கு ஒன்றுதான் என்றால், குழந்தை நீண்ட நேரம் தூங்கப்போகும் முன் கொடுக்கும் பாலுக்குப் பிறகு போடலாம். ஆனால் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கும் பச்சைக் குழந்தைக்கு இந்த ஏற்பாடு அவ்வளவாக நடக்காது. மெதுவாகக் கரையும் மாத்திரைக்கும், உடலில் நெடுநேரம் தங்கும் மருந்துக்கும் நேரம் பார்த்துப் பயனில்லை. அங்கே மருந்தையே மாற்றித்தரக் கேட்க வேண்டும்.

சளி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

ஒரே மாத்திரையில் நான்கு பெயர்கள் இருக்கும். பாராசிட்டமால்: பிரச்சினையில்லை. குளோர்ஃபெனிரமின்: அம்மாவோடு குழந்தையும் அசந்துபோகலாம், ஒவ்வாமைக்கு மருந்து வேண்டுமென்றால் செட்ரிஸினோ லோராடடினோ மேல். கஃபீன்: சின்னக் குழந்தையைத் தூங்கவிடாது. நான்காவதாக மூக்கடைப்புக்கான மருந்து. அது சூடோஎஃபெட்ரின் என்றால் பால் சுரப்பே குறையும். 8 தாய்மார்களிடம் செய்து 2003-ல் வெளியான ஆய்வில், 60 மி.கி. மாத்திரை ஒன்றே ஒன்று போட்டதற்கு அன்றைய பால் சராசரியாக 24 சதவீதம் குறைந்தது. "சளி பிடித்ததிலிருந்து பால் வற்றிவிட்டது" என்பவர் முதலில் இந்த அட்டையைத்தான் பார்க்க வேண்டும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். போதாவிட்டால் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே சில நாள்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சளி மாத்திரையில் ஏற்கெனவே பாராசிட்டமால் இருப்பது தெரியாமல் காய்ச்சலுக்குத் தனியாகவும் பாராசிட்டமால் போடுவார்கள். பெரியவர்களுக்கு நாளின் உச்ச வரம்பு 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை 8. இரண்டையும் கூட்டித்தான் கணக்கு வைக்க வேண்டும்.

கோடீன்: இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது

சில இருமல் சிரப்புகளிலும், பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கும் சில வலி மாத்திரைகளிலும் கோடீன் இருக்கும். கல்லீரல் இதை மார்ஃபினாக மாற்றுகிறது. சில பெண்களின் உடல், பிறவியிலேயே இந்த வேலையை மிக வேகமாகச் செய்யும்; பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அந்த மார்ஃபின் பால் வழியே போனால் குழந்தை பாலுக்குக்கூட எழாமல் தூங்கும், மூச்சு மந்தமாகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ல் கோடீனையும் டிரமடால் என்ற வலி மருந்தையும் பாலூட்டும்போது எடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது.

பெரும்பாலான வலிக்குப் பாராசிட்டமாலும் இபுப்ரூஃபெனும் போதும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் இபுப்ரூஃபெனுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். வலிக்காக ஆஸ்பிரின் வேண்டாம். குழந்தைகளின் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறியோடு அதற்குத் தொடர்பு உண்டு. இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதித் தந்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தையின் வயதை மறப்பது

"அக்கா இதே மாத்திரையைப் போட்டார், ஒன்றும் ஆகவில்லை." அக்காவின் குழந்தைக்கு அப்போது பத்து மாதம், உங்கள் குழந்தைக்குப் பத்து நாள். பச்சைக் குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்றும் அளவுக்கு இன்னும் வளரவில்லை. பால் வழி மருந்தால் வந்ததாகப் பதிவான பிரச்சினைகளில் பெரும்பங்கு இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். ஆறு மாதத்துக்குப் பிறகு மிக அரிது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இன்னும் கவனம் தேவை. மஞ்சள் காமாலை இருக்கும் பச்சைக் குழந்தையின் அம்மாவுக்கு சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தை என்றால் சல்ஃபாவும், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபுரன்டாயினும் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும்.

தோலில் போடுவது மருந்தில்லை என்று நினைப்பது

தையல் புண்ணுக்கு நாள்தோறும் போவிடோன் அயோடின் போடுகிறார்கள். அயோடின் தோல் வழியாகவும், பிறப்புறுப்பின் ஈரச்சவ்வு வழியாக இன்னும் அதிகமாகவும் உள்ளே போகும். மார்பு அதை ரத்தத்திலிருந்து இழுத்துப் பாலில் சேர்க்கும். அளவு மீறினால் குழந்தையின் தைராய்டு மந்தமாகிவிடும். ஒருமுறை சுத்தம் செய்யப் பயன்படுத்தியதற்காகக் கவலை வேண்டாம். பல நாள், பெரிய பரப்பில், அதுவும் பிறப்புறுப்பின் உள்ளே என்பதுதான் தவறு.

மார்புக்காம்பில் போடும் எதையும் குழந்தை நேராக விழுங்கும். பென்ஸோகெய்ன் உள்ள மரத்துப்போகும் களிம்பு கூடவே கூடாது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை அது கெடுக்கும். மருத்துவர் தந்த களிம்பைப் பால் கொடுத்த பிறகு மெல்லியதாகத் தடவி, அடுத்த முறைக்கு முன் மிச்சத்தை மென்துணியால் ஒற்றி எடுங்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தால் வெடிப்புதான் ஆழமாகும்.

நிறுத்தக் கூடாததை நிறுத்துவது

தைராக்சின், வலிப்பு மாத்திரை, மன அழுத்தத்துக்கான மாத்திரை ஆகியவற்றைக் குழந்தைக்காக என்று சொல்லாமல் நிறுத்துபவர்கள் பலர். குழந்தையைக் கையில் வைத்திருக்கும்போது அம்மாவுக்கு வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மன அழுத்தத்துக்குத் தரும் செர்ட்ராலின் பாலில் மிகக் குறைவாகவே போகிறது. மார்பில் சீழ்க்காய்ச்சல் வந்து ஆன்டிபயாடிக் எடுக்கும்போது பால் கொடுப்பதை நிறுத்தினால், பால் தேங்கிச் சீழ்க்கட்டியாகவே மாறலாம். அமாக்ஸிசிலின் போன்றவற்றால் குழந்தைக்கு வயிறு கொஞ்சம் இளகலாம், வாயில் வெண்படலம் வரலாம். நிறுத்த அது காரணமில்லை.

கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால் பால் குறையக்கூடும். புரோஜெஸ்டின் மட்டும் உள்ளதைக் கேளுங்கள். பால் ஊற டோம்பெரிடோன் மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது. மூலிகைப் பொடிகளிலும் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாதவரை அவை பாதுகாப்பானவை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உண்மையிலேயே நிறுத்த வேண்டிய இடங்கள் சில உண்டு. புற்றுநோய் மருந்துகள், முகப்பருவுக்கு வாய்வழி எடுக்கும் ஐசோட்ரெடினாயின் ஆகியவை அந்த வகை. கதிரியக்க அயோடின் சிகிச்சை என்றால், பல வாரங்கள் முன்பே பாலை முழுவதும் நிறுத்த வேண்டும். அந்தக் குழந்தைக்கு மீண்டும் கொடுக்க முடியாது. ஆனால் எக்ஸ்ரேக்கோ, சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கப் போடும் சாய மருந்துக்கோ நிறுத்தத் தேவையில்லை. ஓரிரு நாள் மட்டும் நிறுத்த வேண்டி வந்தால், முன்கூட்டியே பால் எடுத்துச் சேமித்து, இடைப்பட்ட நாளில் 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை கறந்துகொண்டே இருந்தால் சுரப்பு நிற்காது.

மருத்துவரிடம் "பால் கொடுக்கிறேன்" என்பது மட்டும் போதாது. குழந்தைக்கு எத்தனை வாரம், என்ன எடை, குறைமாதமா, காமாலை உண்டா, தாய்ப்பால் மட்டுமா, நீங்கள் வேறென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தூக்கம் வரவைக்கும் மருந்து எடுக்கும் நாளில் குழந்தையோடு ஒரே படுக்கையில் தூங்க வேண்டாம். வழக்கத்துக்கு மாறாகக் குழந்தை பாலுக்கு எழாவிட்டாலோ, கைகால் துவண்டாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, அடுத்த பால் நேரம்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கையில் அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.